மெயின் இல்லாத நிரலும் கம்பைலரின் எச்சரிக்கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு சி, சி++ மொழிகளில் நிரல் எழுதுவோர், குறிப்பாக மெயின் என்ற செயற்கூறுக்குப் பதிலாகத் தங்கள் சொந்த நுழைவுப் புள்ளியை வைத்துக்கொள்ள விரும்புவோர், கம்பைலரும் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது) லிங்கரும் (அந்தத் துண்டுகளை ஒரே கோப்பாக இணைப்பது) தரும் எச்சரிக்கைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஜிசிசி, கிளாங் கம்பைலர்களையும், ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம், ஏவிஆர் சிப்புகளையும் ஒட்டியவை. கட்டளை விருப்பங்களின் பெயர்களைப் பக்கத்து மேசைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். 'டபிள்யூ-ஆல்' என்றால் எல்லோரும் முதலில் கொடுக்கும் அந்த எச்சரிக்கை விருப்பம்தான்.

'மெயின் திருப்பி அனுப்புவது இன்ட் அல்ல' என்று கம்பைலர் எச்சரிக்கிறது. என் போர்டில் மெயின் எங்கும் திரும்பிப் போவதே இல்லை. பிறகு ஏன் இந்த எச்சரிக்கை?

கம்பைலருக்கு உங்கள் போர்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் வேறு விதமாகச் சொல்லாத வரை, உங்கள் நிரல் ஓர் இயங்குதளத்தின் கீழ் ஓடப்போகிறது என்றும், அந்த இயங்குதளம் மெயினை அழைத்து, அது முடிந்ததும் ஒரு முழு எண்ணை வாங்கிக்கொள்ளும் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. சி தரநிலை இதை 'ஹோஸ்டட்' சூழல் என்று அழைக்கிறது. அதே தரநிலை, 1989-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே, 'ஃபிரீஸ்டாண்டிங்' என்ற இன்னொரு சூழலையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே நிரல் தொடங்கும்போது அழைக்கப்படும் செயற்கூறின் பெயரும் தரவினமும் என்னவாக இருக்கலாம் என்பதைக் கம்பைலரை உருவாக்குபவரின் முடிவுக்கே தரநிலை விட்டுவிடுகிறது.

ஆகவே எதையும் திருப்பி அனுப்பாத 'வாய்டு மெயின்' என்று எழுதுவது தவறா என்று கேட்டால், எந்தச் சூழலில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஹோஸ்டட் சூழலில் அது ஐயத்துக்குரியது. ஜிசிசி சி மொழியில் 'டபிள்யூ-ஆல்' கொடுத்தால் எச்சரிக்கும், சி++ மொழியில் பிழை என்றே நிறுத்திவிடும். ஃபிரீஸ்டாண்டிங் சூழலில் அது குற்றமில்லை, எச்சரிக்கையும் வராது.

இந்த எச்சரிக்கையை நீக்க மூன்று வழிகள் உண்டு. எச்சரிக்கையையே அணைத்துவிடுவது ஒன்று. 'இன்ட் மெயின் (வாய்டு)' என்று எழுதிவிடுவது இரண்டாவது. 'எஃப்-ஃபிரீஸ்டாண்டிங்' கொடுத்து நிலைமையைக் கம்பைலருக்கு உள்ளபடி தெரிவிப்பது மூன்றாவது. முதல் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. நுழைவுப் புள்ளி தொடர்பான எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை, கம்பைலர் நம்பிக்கொண்டிருப்பதும் உங்கள் வன்பொருளில் நடப்பதும் ஒன்றல்ல என்பதன் அடையாளங்கள். வாயை அடைத்துவிட்டால் அந்த வேறுபாடு அப்படியே உள்ளே தங்கிவிடும்.

அப்படியானால் எல்லா ஃபர்ம்வேருக்கும் (சிப்பில் பதியும் நிரலுக்கும்) 'எஃப்-ஃபிரீஸ்டாண்டிங்' கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் அதனுடன் சேர்ந்து வருவதையும் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். இந்த விருப்பம் 'எஃப்-நோ-பில்ட்இன்' என்பதையும் உடன் இயக்கிவிடுகிறது. அதாவது மெம்காப்பி (நினைவகத்தை நகலெடுப்பது), ஸ்டிரிங்லென் (சரத்தின் நீளம்) போன்ற நூலகச் செயற்கூறுப் பெயர்களின் பொருள் கம்பைலருக்குத் தெரியாததாகிவிடும். நான்கு பைட்டுகளை நகலெடுக்கும் ஒரு மெம்காப்பியை ஒரே கட்டளையாகச் சுருக்கியிருக்கும் இடத்தில், இப்போது முழுச் செயற்கூறு அழைப்பே நடக்கும். வேகம் முக்கியமான இடங்களில் பில்ட்இன் என்ற முன்னொட்டுடன் கூடிய பெயரை நேரடியாக அழைத்து இதைச் சரிசெய்துகொள்ளலாம்.

இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. சி99 தரநிலைப்படி, மெயின் எதையும் திருப்பி அனுப்பாமல் முடிந்தால் பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பியதாகக் கொள்ளப்படும். ஜிசிசி இந்தச் சலுகையை ஹோஸ்டட் சூழலில் மட்டுமே தருகிறது. ஃபிரீஸ்டாண்டிங் என்று சொன்ன பிறகு, 'இன்ட் மெயின்' முடிவில்லா மடக்கு இல்லாமல் கடைசி அடைப்புக்குறியைத் தொட்டால், 'மதிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டிய செயற்கூறின் முடிவை அடைகிறது' என்ற வேறோர் எச்சரிக்கை வரும். அது நியாயமான எச்சரிக்கை.

ஃபிரீஸ்டாண்டிங் என்று சொல்லிவிட்டதால் எந்த நூலகமும் தேவைப்படாது என்று எண்ணிவிடவும் கூடாது. மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் ஆகிய நான்கும் இருக்கும் என்று ஜிசிசி அப்போதும் எதிர்பார்க்கிறது. வகுத்தல் கட்டளை இல்லாத கார்ட்டெக்ஸ்-எம்0 போன்ற சிப்புகளில் வகுத்தலுக்கான துணைச் செயற்கூறுகள் லிப்ஜிசிசி நூலகத்திலிருந்து வர வேண்டும். 'நோ-எஸ்டிடிலிப்' கொடுப்பவர்கள் அந்த நூலகத்தைக் கையால் இணைக்க மறந்துவிட்டு, 'வரையறுக்கப்படாத பெயர்' என்ற பிழையுடன் மல்லாடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

நியூலிப் போன்ற முழு சி நூலகத்தைப் பயன்படுத்துவோர் ஹோஸ்டட் சூழலிலேயே இருந்துகொண்டு 'இன்ட் மெயின் (வாய்டு)' என்று எழுதுவது நல்லது என்பது என் கருத்து. பூட்லோடர் (முதலில் ஓடி முதன்மை நிரலைத் தொடங்கிவைப்பது), கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) போன்று எல்லாவற்றையும் தாமே எழுதுவோருக்கு ஃபிரீஸ்டாண்டிங் பொருந்தும்.

மின்சாரம் கொடுத்ததும் உண்மையில் முதலில் ஓடுவது எது?

மெயின் அல்ல. கார்ட்டெக்ஸ்-எம் சிப் விழித்தவுடன் வெக்டர் அட்டவணை என்ற முகவரிப் பட்டியலின் முதல் இரண்டு சொற்களை (ஒவ்வொன்றும் நான்கு பைட்) படிக்கிறது. முதல் சொல் ஸ்டேக் பாயிண்டரின் (செயற்கூறுகளின் தற்காலிக நினைவகமான ஸ்டேக்கின் உச்சியைக் காட்டுவது) தொடக்க மதிப்பு. இரண்டாவது சொல் ரீசெட் ஹேண்ட்லரின் (சிப் விழித்ததும் ஓடும் செயற்கூறின்) முகவரி. எஸ்டிஎம்32 எஃப்103 சிப்புக்கு எழுதிய ஒரு பைனரிக் கோப்பைப் பதினாறடி எண்களாகத் திறந்தால் முதல் எட்டு பைட்டுகள் இப்படித் தெரியலாம்:

00 50 00 20 45 01 00 08

சிறிய பைட் முதலில் வரும் முறை என்பதால் பின்னிருந்து படிக்க வேண்டும். முதல் சொல் 20005000. ரேம் 20000000-இல் தொடங்குகிறது, அதன் அளவு 20 கிலோபைட் (பதினாறடியில் 5000), ஆகவே இது ரேமின் உச்சி. இரண்டாவது சொல் 08000145. ஃபிளாஷ் 08000000-இல் தொடங்குவதால் முகவரி சரிதான், ஆனால் அது ஒற்றைப்படையாக இருக்கிறது. உண்மையான செயற்கூறு 08000144-இல் இருக்கிறது; கடைசி பிட் ஒன்றாக இருப்பது, அங்கே இருப்பவை தம்ப் என்ற ஆர்ம் வகைக் கட்டளைகள் என்பதற்கான குறி. அந்த பிட் பூஜ்யமாக இருந்தால் முதல் கட்டளையிலேயே ஹார்டுஃபால்ட் என்ற கடும் பிழை ஏற்பட்டுவிடும்.

ரீசெட் ஹேண்ட்லரை அசெம்பிளியில் எழுதி, அதற்கு மேலே 'தம்ப்-ஃபங்க்' என்ற குறிப்பை எழுத மறந்தால் நடப்பது இதுவே. அசெம்பிளரும் லிங்கரும் ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டார்கள், போர்டு உயிரற்றுக் கிடக்கும். புதிய ஸ்டார்ட்அப் கோப்பு (மெயினுக்கு முன் ஓடும் நிரல்) எழுதும்போதெல்லாம் இந்த எட்டு பைட்டுகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை அது.

ரீசெட் ஹேண்ட்லர் டேட்டா பகுதியை (தொடக்க மதிப்புள்ள மாறிகள்) ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுக்கும், பிஎஸ்எஸ் பகுதியை (தொடக்க மதிப்பு தராத மாறிகள்) பூஜ்யமாக்கும், கடிகாரத்தை அமைக்கும், சி++ இருந்தால் நிலையான பொருள்களின் கன்ஸ்ட்ரக்டர்களை ஓடவிடும். அதன் பிறகுதான் மெயினை அழைக்கும். ரிஸ்க்-ஃபைவ் சிப்புகளில் ஸ்டேக் பாயிண்டரை வன்பொருள் தானாக நிரப்பித் தராது என்பதால், அங்கே முதல் சில வரிகள் அசெம்பிளியில் இருந்தே ஆக வேண்டும்.

'ஸ்டார்ட் என்ற நுழைவுப் பெயரைக் காணவில்லை, 08000000 என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று லிங்கர் சொல்கிறது. போர்டு ஓடத்தான் செய்கிறது. விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம். போர்டு ஓடுவதற்குக் காரணம், சிப் விழிக்கும்போது இஎல்எஃப் கோப்பில் (லிங்கர் உருவாக்கித் தரும் கோப்பு) எழுதியிருக்கும் நுழைவு முகவரியைப் பார்ப்பதே இல்லை என்பதுதான். அது வெக்டர் அட்டவணையை மட்டுமே பார்க்கிறது. ஆனால் அந்த நுழைவு முகவரியை நம்பியிருக்கும் வேறு இருவர் உண்டு.

ஒருவர் டிபக்கர் (நிரலை நிறுத்தி நிறுத்திச் சோதிக்கும் கருவி). ஜிடிபி என்ற டிபக்கரில் 'லோட்' கொடுத்ததும் அது புரோகிராம் கவுண்டரை (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) இஎல்எஃப் கோப்பின் நுழைவு முகவரிக்கு மாற்றிவிடும். அந்த முகவரி வெக்டர் அட்டவணையின் தொடக்கமாக இருந்தால், ரீசெட் செய்யாமல் 'கன்டினியூ' கொடுத்தவுடன் சிப் அட்டவணையில் உள்ள எண்களையே கட்டளைகளாக எண்ணி ஓடத் தொடங்கும். 'தனியாகப் பவர் கொடுத்தால் ஓடுகிறது, டிபக்கரில் போட்டால் விழுகிறது' என்ற புகார்களில் கணிசமானவை இப்படிப் பிறந்தவை.

இன்னொருவர் லிங்கரே. 'ஜிசி-செக்ஷன்ஸ்' விருப்பம் கொடுத்திருந்தால், யாரும் பயன்படுத்தாத பகுதிகளை லிங்கர் தூக்கி எறிந்துவிடும். எதிலிருந்து தொடங்கித் தேடுவது என்பதற்கு நுழைவுப் பெயரே வேர். அந்த வேரும் இல்லை, வெக்டர் அட்டவணையைச் சுற்றி 'கீப்' (தூக்கி எறியாதே) என்ற சொல்லும் இல்லை என்றால், மொத்த நிரலும் காலியாகிவிடும். கம்பைல் வெற்றி, அளவு பூஜ்யம்.

சரிசெய்வது எளிது. லிங்கர் ஸ்கிரிப்டில் (எந்தப் பகுதி எந்த முகவரியில் என்று சொல்லும் கோப்பு) 'என்ட்ரி' என்ற கட்டளைக்குள் ரீசெட் ஹேண்ட்லரின் பெயரைக் கொடுங்கள். கட்டளை வரியில் 'மைனஸ் இ' விருப்பத்தாலும் அதையே செய்யலாம், இரண்டும் இருந்தால் கட்டளை வரிக்கே முன்னுரிமை. 'ஃபேட்டல்-வார்னிங்ஸ்' என்ற லிங்கர் விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் இத்தகைய எச்சரிக்கைகள் கண்ணில் படாமல் நழுவிப் போக வழியில்லை.

மெயின் என்ற பெயரே வேண்டாம். எனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஈஎஸ்பி32 சிப்புகளுக்கான ஈஎஸ்பி-ஐடிஎஃப் சூழலில் நீங்கள் எழுதுவது 'ஆப்_மெயின்'. ஆர்டுவினோவில் 'செட்அப்', 'லூப்' என்ற இரண்டை மட்டும் எழுதுகிறீர்கள், மெயின் அதன் கோர் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்து இவற்றை அழைக்கிறது. உங்கள் ஸ்டார்ட்அப் கோப்பு எந்தப் பெயரை அழைக்கிறதோ அதுவே உங்கள் மெயின்.

ஆனால் மெயின் என்ற பெயருக்கு ஜிசிசியிடம் சில தனி உரிமைகள் உண்டு, பெயரை மாற்றினால் அவை போய்விடும். மெயின் ஒரே ஒரு முறைதான் ஓடும் என்று எடுத்துக்கொண்டு, ஆப்டிமைசேஷன் (நிரலைக் கம்பைலர் தானே செம்மைப்படுத்துவது) இருக்கும்போது ஜிசிசி அதை 'டெக்ஸ்ட்-ஸ்டார்ட்அப்' என்ற தனிப் பகுதியில் வைக்கிறது. லிங்கர் ஸ்கிரிப்டில் 'டெக்ஸ்ட்' என்று மட்டும் எழுதி, பின்னால் நட்சத்திரக் குறி போடாமல் விட்டவர்களுக்கு, மெயின் மட்டும் எதிர்பாராத முகவரியில் போய் உட்கார்ந்திருப்பது இதனால்தான். 'ஆர்ஃபன்-ஹேண்ட்லிங்' விருப்பத்தை 'வார்ன்' என்று வைத்தால், ஸ்கிரிப்டில் இடம் ஒதுக்கப்படாத பகுதிகளை லிங்கர் பெயர் சொல்லிக் காட்டும்.

சி++ கோப்பில் எழுதுவோர் நுழைவுச் செயற்கூறுக்கு 'எக்ஸ்டெர்ன் சி' போட மறக்கக் கூடாது. மறந்தால் பெயர் உருமாறிவிடும். 'ஆப்_மெயின் வரையறுக்கப்படவில்லை' என்று லிங்கர் சொல்லும்போது, கண்ணெதிரே அந்தச் செயற்கூறு இருக்க, குழப்பமே மிஞ்சும்.

பெயரை மாற்றியதும் 'முன் அறிவிப்பு இல்லை' என்ற புதிய எச்சரிக்கை வருகிறதே?

'டபிள்யூ-மிஸ்ஸிங்-புரோட்டோடைப்ஸ்' விருப்பத்தின் வேலை அது. பிற கோப்புகளுக்குத் தெரியும்படியான ஒரு செயற்கூறை, முன்னால் அறிவிக்காமல் வரையறுத்தால் அது எச்சரிக்கும். மெயினுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் சொந்தப் பெயருக்குக் கிடையாது. ஒரு தலைப்புக் கோப்பில் அறிவிப்பை எழுதி, வரையறுக்கும் கோப்பிலும் அழைக்கும் கோப்பிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். இந்த விருப்பத்தை அணைத்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதன் காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

எச்சரிக்கையே வராமல் போர்டு தொங்கிவிடுகிறது. எங்கே தேடுவது?

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். நான் முன்பு இருந்த ஒரு குழுவில் மின் அளவீட்டுக் கருவி ஒன்றுக்கு ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். கம்பைல் செய்தால் ஒரு எச்சரிக்கையும் இல்லை. போர்டில் எல்இடி ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருக்கும். கணினியின் டெர்மினலில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டியதும் எல்இடி அந்த நொடியில் உறைந்துவிடும். டிபக்கரில் நிறுத்திப் பார்த்தால், புரோகிராம் கவுண்டர் எத்தனை முறை பார்த்தாலும் ஒரே முகவரியில் நிற்கும். அங்கே இருந்த கட்டளை இ7எஃப்இ, அதாவது தன்னிடமே தாவும் கட்டளை. இரண்டு நாள் சீரியல் போர்ட்டின் அமைப்பையும் கம்பியையும் பாட்-ரேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

காரணம் ஒரே ஓர் எழுத்து. அந்த சிப்பில் சீரியல் போர்ட்டின் இன்டரப்ட் ஹேண்ட்லரின் (வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் செயற்கூறின்) பெயர் 'யூசார்ட்1_ஐஆர்கியூஹேண்ட்லர்'. நாங்கள் எழுதியிருந்தது 'யூஆர்ட்1_ஐஆர்கியூஹேண்ட்லர்'. ஆங்கிலத்தில் ஓர் 'எஸ்' குறைவு. ஸ்டார்ட்அப் கோப்பில் எல்லா ஹேண்ட்லர் பெயர்களும் 'வீக்' என்ற வகையில், டிஃபால்ட் ஹேண்ட்லருக்கு மாற்றுப் பெயர்களாக வரையறுக்கப்பட்டிருக்கும். நீங்கள் அதே பெயரில் ஒன்றை எழுதினால் உங்களுடையது இடம்பிடிக்கும். எழுத்துப்பிழையுடன் எழுதினால், அது யாரும் அழைக்காத வேறொரு செயற்கூறு, அவ்வளவுதான். கம்பைலரின் பார்வையில் தவறு ஏதும் இல்லை. லிங்கரின் பார்வையிலும் இல்லை. முதல் பைட் வந்ததும் சிப் டிஃபால்ட் ஹேண்ட்லரின் முடிவில்லா மடக்குக்குள் போய்விடுகிறது.

இதைக் கம்பைலரே பிடிக்கும்படி செய்ய முடியும். சிப்பில் உள்ள எல்லா ஹேண்ட்லர்களின் சரியான பெயர்களையும் ஒரு தலைப்புக் கோப்பில் அறிவித்து, ஹேண்ட்லர் எழுதும் ஒவ்வொரு கோப்பிலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் சரியாக இருந்தால் முன் அறிவிப்பு கிடைத்துவிடும். ஓர் எழுத்து பிசகினாலும் 'டபிள்யூ-மிஸ்ஸிங்-புரோட்டோடைப்ஸ்' உடனே கூவும். சி++ மொழியில் இதற்கு இணையானது 'டபிள்யூ-மிஸ்ஸிங்-டிக்ளரேஷன்ஸ்'. அந்தத் தலைப்புக் கோப்பில் 'எக்ஸ்டெர்ன் சி' இருந்தால், பெயர் உருமாறும் சிக்கலும் அதனுடனேயே தீர்ந்துவிடும். ஏவிஆர் கம்பைலர் இந்த விஷயத்தில் ஒரு படி மேல்: இன்டரப்ட் ஹேண்ட்லரின் பெயர் வெக்டர் என்ற முன்னொட்டுடன் தொடங்காவிட்டால், 'எழுத்துப்பிழை போலத் தெரிகிறது' என்று தானாகவே எச்சரிக்கும்.

ஏற்கெனவே உருவான கோப்பைச் சோதிக்க, அதிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' கருவி போதும். ஹேண்ட்லர் பெயருக்கு முன்னால் 'டி' என்ற எழுத்து இருந்தால் அது நீங்கள் எழுதியது. 'டபிள்யூ' இருந்தால் அது இன்னும் அந்தப் பழைய வீக் வரையறைதான்.

ஸ்டார்ட்அப் கோப்பை சி மொழியிலேயே எழுதுகிறேன். பிஎஸ்எஸ் பகுதியைப் பூஜ்யமாக்கும் வரியில் 'அணியின் எல்லைக்கு வெளியே' என்று எச்சரிக்கை வருகிறது.

பிஎஸ்எஸ் பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் பெயர்களை லிங்கர் ஸ்கிரிப்ட் தருகிறது. அவை மாறிகள் அல்ல, வெறும் முகவரிகள். பழைய உதாரணங்களைப் பார்த்து அவற்றை ஒரு 32 பிட் மாறியாக அறிவித்திருப்பீர்கள். கம்பைலர் அதை நம்பி, 'நான்கே பைட் உள்ள ஒரு மாறியிலிருந்து தொடங்கி ஆயிரக்கணக்கான பைட்டுகளுக்கு எழுதுகிறாயே' என்று கேட்கிறது. அதன் நிலையில் இருந்து பார்த்தால் அது சரியான கேள்வி. அளவு குறிப்பிடாத அணியாக, வெறும் சதுர அடைப்புக்குறியுடன் அறிவித்துவிட்டால் எச்சரிக்கை போய்விடும். முகவரிக் குறியும் தேவைப்படாது.

இதே இடத்தில் எச்சரிக்கையே இல்லாமல் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணி உண்டு. பூஜ்யமாக்கும் மடக்கை நீங்கள் கையால் எழுதியிருந்தாலும், ஜிசிசி அதன் வடிவத்தைக் கண்டுகொண்டு மெம்செட் அழைப்பாக மாற்றிவிடக்கூடும்; நகலெடுக்கும் மடக்கை மெம்காப்பியாக மாற்றும். வேகத்துக்காக மெம்காப்பியை ரேமில் வைத்திருப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்: ரேமுக்கு எதையும் நகலெடுக்கும் முன்பே, ரேமில் இன்னும் வந்து சேராத மெம்காப்பியை ரீசெட் ஹேண்ட்லர் அழைக்கும். மெம்செட்டையே சொந்தமாக எழுதுவோருக்கு, அதற்குள் இருக்கும் மடக்கு மெம்செட் அழைப்பாக மாறி, அது தன்னையே அழைத்து அழைத்து ஸ்டேக்கைத் தின்றுவிடும். 'எஃப்-ஃபிரீஸ்டாண்டிங்' இதைத் தடுப்பதில்லை. அந்தக் கோப்புகளுக்கு மட்டும் 'எஃப்-நோ-ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிபியூட்-பேட்டர்ன்ஸ்' என்ற நீளமான விருப்பத்தைக் கொடுக்க வேண்டும்.

ஜிசிசி 12 முதல், மிகத் தாழ்வான நிலையான முகவரிகளைத் தொடும் வரிகளுக்கும் இதே போன்ற எச்சரிக்கை வரலாம். பூஜ்யத்தை ஒட்டிய முகவரிகளை, வெற்றுப் பாயிண்டரிலிருந்து பிறந்த தவறு என்று கம்பைலர் நினைத்துக்கொள்வதே காரணம். உங்கள் சிப்பில் அங்கே உண்மையாகவே ரிஜிஸ்டரோ நினைவகமோ இருந்தால், 'மின்-பேஜ்சைஸ்' என்ற அளவுருவைப் பூஜ்யமாக வையுங்கள்.

மெயினுக்கு முன்பே சில வரிகள் ஓட வேண்டும். எப்படி?

ஏவிஆர் சிப்புகளில் இதற்கான தேவை மிகத் தெளிவாகத் தெரியும். ஏடிமெகா328பி போன்றவற்றில் வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) ரீசெட் நடந்த பிறகும் வாட்ச்டாக் அணையாமல், மிகக் குறுகிய கால அளவில், சுமார் 16 மில்லிநொடியில், ஓடிக்கொண்டே இருக்கும். மெயினுக்கு முந்தைய வேலைகள் அதற்குள் முடியாவிட்டால் சிப் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகி, மெயினை எட்டவே எட்டாது. ஏவிஆருக்கான சி நூலகமான ஏவிஆர்-லிப்சி தொடக்க வேலைகளை இனிட்0 முதல் இனிட்9 வரை பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. டேட்டா, பிஎஸ்எஸ் வேலைகள் இனிட்4-இல் நடப்பதால், வாட்ச்டாக்கை அணைக்கும் சிறு செயற்கூறை இனிட்3-இல் வைப்பது வழக்கம்.

அதற்கு 'நேக்கட்' (தொடக்க, முடிவுக் கட்டளைகளைச் சேர்க்காதே), 'யூஸ்டு' (நீக்கிவிடாதே) என்ற இரண்டு பண்புகளும் வேண்டும். ஸ்டாட்டிக் செயற்கூறாக எழுதி 'யூஸ்டு' போட மறந்தால், 'வரையறுத்தும் பயன்படுத்தவில்லை' என்று எச்சரித்துவிட்டுக் கம்பைலர் அதை நீக்கிவிடும். அந்த எச்சரிக்கையை மதியுங்கள். 'நேக்கட்' போட மறந்தால் எச்சரிக்கை கிடையாது. யாரும் அழைக்காமல், முந்தைய பகுதியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து ஓடும் இந்த வரிகளின் முடிவில் 'ரெட்' (அழைத்த இடத்துக்குத் திரும்பு) கட்டளை ஒன்று முளைத்து, ஸ்டேக்கில் இருக்கும் ஏதோ ஓர் எண்ணை முகவரி என்று எண்ணித் தாவிவிடும். ரீசெட் காரணத்தைச் சேமித்துவைக்கும் மாறியை 'நோஇனிட்' பகுதியில் வையுங்கள். இல்லையென்றால் அடுத்து வரும் இனிட்4 அதைப் பூஜ்யமாக்கிவிடும்.

ஐஏஆர் கம்பைலர் சூழலில் இதே தேவைக்கு 'லோ-லெவல்-இனிட்' என்ற செயற்கூறு இருக்கிறது.

'_ரைட் செயல்படுத்தப்படவில்லை, எப்போதும் தோல்வியுறும்' என்ற எச்சரிக்கைகள்?

நியூலிப் நூலகத்தின் கீழ்மட்டச் செயற்கூறுகளுக்கு 'நோசிஸ்' என்ற வெற்று நூலகத்தை இணைத்திருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். பிரின்ட்எஃப் (எழுத்துகளை வெளியிடும் செயற்கூறு) வேண்டுமென்றால் சீரியல் போர்ட்டில் எழுதும் ஒரு '_ரைட்' செயற்கூறை நீங்களே எழுதுங்கள். வேண்டாமென்றால், யார் அதை உள்ளே இழுத்துவந்தார்கள் என்று லிங்கர் தரும் மேப் கோப்பில் பாருங்கள். பல சமயம் மறந்துபோன ஒரு அசெர்ட் (நிபந்தனைச் சோதனை) அங்கே இருக்கும்.

எந்த எச்சரிக்கைகளை இயக்க வேண்டும்? எல்லா எச்சரிக்கைகளையும் பிழைகளாக்கிவிடலாமா?

'டபிள்யூ-ஆல்' என்ற பெயரில் 'எல்லாம்' இருந்தாலும் அது எல்லாவற்றையும் இயக்குவதில்லை. 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா'வையும் சேருங்கள். அவற்றுக்கு மேல், இந்தத் துறைக்கென்றே நான் விடாமல் சேர்ப்பவை: முன்னே சொன்ன முன் அறிவிப்பு எச்சரிக்கை, 'டபிள்யூ-அன்டெஃப்' (வரையறுக்காத மேக்ரோ), 'டபிள்யூ-ஷேடோ' (வெளி மாறியை மறைக்கும் அதே பெயர்), 'டபிள்யூ-டபுள்-புரமோஷன்'. கடைசியாகச் சொன்னது கார்ட்டெக்ஸ்-எம்4 சிப்பில் பொன்னானது. அதன் தசம எண் அலகு ஒற்றைத் துல்லியம் மட்டுமே அறியும். ஒரு ஃபுளோட் மாறியை 0.1-ஆல் பெருக்கினால், பின்னால் 'எஃப்' இல்லாத அந்த எண் இரட்டைத் துல்லியம் என்பதால், முழுக் கணக்கும் மென்பொருள் நூலகத்துக்குப் போய்விடும். ஸ்டேக் சிறியதாக இருக்கும் இடங்களில் 'டபிள்யூ-ஸ்டேக்-யூசேஜ்' விருப்பத்துக்கு ஓர் எல்லையைக் கொடுத்துவையுங்கள்.

ஆர்டுவினோ ஐடிஇ-யில் எச்சரிக்கைகள் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளுக்குள் போய் 'ஆல்' என்று மாற்றுவதே அங்கே முதல் வேலை.

பிழைகளாக்குவது பற்றி: குழுவின் தானியங்கி பில்டில், கம்பைலரின் பதிப்பை ஒன்றாக நிறுத்திவைத்துக்கொண்டு, கட்டாயம் ஆக்குங்கள். பிறருக்குக் கொடுக்கும் மூல நிரலில் அப்படி எழுதிவைக்காதீர்கள். புதிய பதிப்பு ஒவ்வொன்றும் புதிய எச்சரிக்கைகளுடன் வரும், உங்கள் நிரல் அவர்களிடம் கம்பைல் ஆகாது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளில் கடைசி விதி, முதல் நாளிலிருந்தே எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கி, ஒன்றுகூட இல்லாமல் கம்பைல் செய்ய வேண்டும் என்பது. 'முதல் நாளிலிருந்து' என்பதே அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நானூறு எச்சரிக்கைகள் சேர்ந்த பிறகு நானூற்றொன்றாவது யார் கண்ணிலும் படாது. 2024-இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூறை அழைப்பது போன்ற பழைய எச்சரிக்கைகள் சிலவற்றைப் பிழைகளாகவே மாற்றிவிட்டது. அவற்றை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவைத்த நிரல்கள் இப்போது கம்பைல் ஆவதில்லை.

சிப் நிறுவனம் தரும் கோப்புகளிலிருந்து வரும் எச்சரிக்கைகளுக்கு, அவர்களின் தலைப்புக் கோப்புகள் உள்ள கோப்புறையை 'ஐ-சிஸ்டம்' விருப்பத்தால் சேருங்கள், அவர்களின் சி கோப்புகளைத் தளர்வான விருப்பங்களுடன் தனியே கம்பைல் செய்யுங்கள். அவர்களுக்காக உங்கள் கோப்புகளின் கண்டிப்பைத் தளர்த்த வேண்டாம்.

பூட்லோடரிலிருந்து அப்ளிகேஷனுக்குத் தாவும் வரி, டிபக் பில்டில் விழுகிறது, ரிலீஸ் பில்டில் ஓடுகிறது. எச்சரிக்கை எதுவும் இல்லை. ஏன்?

அப்ளிகேஷனின் வெக்டர் அட்டவணையிலிருந்து இரண்டு சொற்களைப் படித்து, முதலாவதை ஸ்டேக் பாயிண்டரில் போட்டுவிட்டு, இரண்டாவதை ஒரு செயற்கூறுப் பாயிண்டராக அழைத்திருப்பீர்கள். டிபக் பில்டில் ஆப்டிமைசேஷன் இல்லாததால் அந்தப் பாயிண்டர் பழைய ஸ்டேக்கில் ஓர் உள் மாறியாக இருக்கிறது. ஸ்டேக் பாயிண்டரை நீங்கள் மாற்றிய அடுத்த வரியில், கம்பைலர் அதே தொலைவில் அந்த மாறியைத் தேடும். ஆனால் இப்போது தேடுவது புதிய ஸ்டேக்கில். கிடைப்பது குப்பை. ரிலீஸ் பில்டில் அது ஒரு ரிஜிஸ்டரில் இருந்ததால் பிழைத்துக்கொண்டது.

சி மொழிக்கு ஸ்டேக் பாயிண்டர் என்ற ஒன்றே தெரியாது என்பதால் கம்பைலரால் இதை எச்சரிக்க இயலாது. இன்டரப்டுகளையும் சிஸ்டிக் டைமரையும் நிறுத்துவது, வெக்டர் அட்டவணை இருக்குமிடத்தைச் சொல்லும் விடார் ரிஜிஸ்டரை மாற்றுவது ஆகியவற்றை சி மொழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கார்ட்டெக்ஸ்-எம்0 சிப்பில் விடார் கிடையாது. அங்கே அட்டவணையை ரேமுக்கு நகலெடுத்து, சிப் தரும் வேறு வழியில் முகவரியைத் திருப்பிவிட வேண்டும். கடைசி இரண்டு கட்டளைகளை மட்டும் ஒரு 'நேக்கட்' செயற்கூறில் அசெம்பிளியாக எழுதுங்கள்: ஆர்0-இல் வரும் மதிப்பை எம்எஸ்பி என்ற முதன்மை ஸ்டேக் பாயிண்டருக்கு எழுதுவது ஒன்று, ஆர்1-இல் வரும் முகவரிக்குத் தாவுவது மற்றொன்று. இரு அளவுருக்களும் அந்த ரிஜிஸ்டர்களில்தான் வந்து சேரும் என்பதை ஆர்ம் அழைப்பு மரபு உறுதிசெய்கிறது.

அப்போது 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' இரண்டு அளவுருக்களும் பயன்படுத்தப்படவில்லை என்று எச்சரிக்கும். அசெம்பிளி வரிகளுக்குள் எந்த ரிஜிஸ்டர் பயன்படுகிறது என்பது கம்பைலருக்குத் தெரியாது. நேக்கட் செயற்கூறுக்குள் வேறு சி வரிகள் எழுதுவது பாதுகாப்பானதல்ல என்பதால், வழக்கமாகச் செய்வது போல் வாய்டு என்று மாற்றி எழுதிச் சமாளிக்க வேண்டாம். இரண்டு அளவுருக்களின் அறிவிப்பிலும் 'அன்யூஸ்டு' என்ற பண்பைச் சேர்த்துவிடுங்கள்.